விழாமல் முறிந்த விரல்

எலும்பு முறிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்பது, "எங்க விழுந்தீங்க?" என்றுதான். அமெரிக்க மருத்துவக் குறியீட்டுப் புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் கேட்கிறது. விழுந்தோ அடிபட்டோ முறிந்தால் அது காயம். 'எஸ்' எழுத்தில் தொடங்கும் அத்தியாயத்துக்குப் போகும். கால் கட்டைவிரல் என்றால் எஸ்92.4, மற்ற விரல்கள் என்றால் எஸ்92.5. விழவில்லை, இடிக்கவில்லை, ஆனாலும் முறிந்திருக்கிறது என்றால் புத்தகத்தின் கணக்கில் அது காயமே இல்லை. எலும்பு, தசை, மூட்டு நோய்களுக்கான 'எம்' அத்தியாயத்தில், மூட்டுவாதமும் முதுகுவலியும் இருக்கிற அதே வரிசையில், எம்84.3 என்ற எண்ணின் கீழ் போய் உட்காரும். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

"ஸ்ட்ரெஸ்ஸுன்னா டென்ஷனாலயா யய்யா?" என்று சித்தி ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்வி. டென்ஷனால் இல்லை, பாரத்தால் என்றேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். செய்கிற வேலை சாஃப்ட்வேர். என் தலைமுறையில் இதை யாரும் விசாரிப்பதில்லை. கல்லூரியில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்று ஒரு பாடம் இருந்தது. ஒரே அடியில் உடையாத இரும்பு, அதைவிட மிகக் குறைந்த பாரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடையும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது மாதிரி. உலோகத்துக்கு அயர்ச்சி உண்டு என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பு சிரித்தது. எலும்பும் அப்படித்தான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது, எலும்பு செய்துகொள்ளும். ஒவ்வொரு நாளும் விழுகிற நுண்ணிய விரிசல்களை இடைவேளையில் அடைத்துவிடும். அந்த இடைவேளை போதாமல் போகும்போதுதான் விரிசல் முறிவாகிறது. அதாவது பாரம் மட்டும் காரணமில்லை. ஓய்வு கிடைக்காததும் காரணம்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2018இல், சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் வேலையில் சேர்ந்த பிறகு. வெளியே இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரைப் பார்க்கிறார். மருத்துவர் குறிப்பு எழுதுகிறார். காப்பீட்டு நிறுவனம் குறிப்பைப் படித்துப் பணம் தருவதில்லை, எண்களைப் பார்த்துத் தருகிறது. குறிப்பை எண்ணாக்குபவர் கோடர். அவர் அம்பத்தூரிலோ திருச்சியிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கலாம். விலங்கியல், மைக்ரோபயாலஜி, பிசியோதெரபி, நர்சிங் படித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சம்பளம். ஃபோனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டு, பேனா பேப்பர்கூட இல்லாமல், கடல் கடந்த யாரோ ஒருவரின் மூட்டையும் சிறுநீரகத்தையும் நாள் முழுக்கப் படிப்பார்கள். இத்தனை சார்ட் முடிக்க வேண்டும், அதில் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று இலக்கு.

எனக்குப் பாடம் எடுத்தவர் சேலத்துப் பக்கத்துக்காரர். மைக்ரோபயாலஜி. தளத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதல் நாள் அவர் கேட்ட கேள்வி: "தம்பி, கால்விரல் எங்க ஆரம்பிக்குது?"

நான் என் செருப்பைக் கழற்றி, விரல்கள் பிரிகிற இடத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பாத எலும்புப் படத்தைத் திறந்தார். தோல் பிரிகிற இடத்துக்கும் இன்னும் உள்ளே, பின்னால் இருக்கிறது விரலெலும்பின் அடி. அங்கே ஒரு மூட்டு. மூட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து நீள எலும்புகள் விரலே இல்லை, பாதம். நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் அதிகம் முறிவது அந்த நீள எலும்புகள்தான், அதிலும் இரண்டாவதும் மூன்றாவதும். அது வலது பாதம் என்றால் எம்84.374. விரல் என்றால் எம்84.377. நோயாளி இரண்டையுமே 'டோ' என்றுதான் சொல்வார். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் சில நேரம் அப்படியே எழுதிவிடுவார். படத்தைப் படித்த ரேடியாலஜிஸ்டின் அறிக்கை வேறு சொல்லும். நடுவில் கோடர்.

இந்த எண்ணுக்கு ஏழு இடம். எம்84.3 வரை என்ன என்பது. அடுத்தது உடம்பின் பகுதி, அதற்கடுத்தது எந்தப் பக்கம். வலது விரல் என்றால் 377, இடது 378, எந்தப் பக்கம் என்று எழுதவே இல்லை என்றால் 379. 379 போட்டால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முகம் சுளிக்கும். காலைப் பார்த்த மருத்துவருக்கு வலதா இடதா என்று தெரியாதா என்பது அவர்கள் வாதம். அதுவும் சரிதானே. 2015 அக்டோபர் 1க்கு முன் அமெரிக்காவில் புழங்கிய பழைய பட்டியலில் இந்தத் தொல்லை இல்லை. பாதத்தின் நீள எலும்புக்கு 733.94 என்று ஓர் எண் இருந்தது. விரலுக்கென்று எதுவும் இல்லை. 733.95, 'மற்ற எலும்பு', அவ்வளவுதான். வலது இடது பேச்சே கிடையாது.

ஏழாவது இடம்தான் புதியவர்களைப் படுத்தும். 'ஏ' என்றால் முதல் வருகை என்று பெயரில் இருக்கிறது. அர்த்தம் அது இல்லை. சிகிச்சை தீவிரமாக நடக்கும்வரை எத்தனை முறை வந்தாலும் 'ஏ'தான். ஆறும் கட்டத்துக்கு வந்துவிட்டால் 'டி'. ஆறத் தாமதமானால் 'ஜி', ஒட்டவே இல்லை என்றால் 'கே', கோணலாக ஒட்டினால் 'பி', எல்லாம் முடிந்த பிறகும் மிச்சமிருக்கும் தொந்தரவுக்கு 'எஸ்'. ஒரு எலும்பின் மொத்த வாழ்க்கையும் ஒற்றை எழுத்தில்.

ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எம்84.377க்குப் புத்தகத்தில் இருக்கும் பெயர் 'வலது கால்விரல்', பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு 'கள்'. எந்த விரல், எத்தனை விரல் என்பது நோயின் எண்ணுக்குத் தேவையில்லை. ஆனால் அதே விரலுக்குச் செய்த சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது பத்து விரலுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. இடது கட்டைவிரல் டிஏ, அடுத்த நான்கும் டி1 முதல் டி4. வலது கட்டைவிரல் டி5, அங்கிருந்து சுண்டுவிரல் டி9. நோய்க்குப் பெயரில்லாத விரலுக்குப் பில்லில் பெயர் இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "பின்ன, காசாச்சே" என்றார்.

இந்தத் தொழிலின் முதல் விதி, எழுதாதது நடக்கவில்லை. அதைவிடக் கஷ்டமான விதி ஒன்று உண்டு. கோடர் தனக்குத் தெரிந்ததைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனை ஓபியில் மருத்துவர் 'ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக இருக்கலாம்' என்று எழுதினால் அது இல்லாத கணக்கு. வலிக்கு மட்டும் எண் கொடுக்க வேண்டும். வலது கால்விரல் வலி, எம்79.674. (படுக்கையில் சேர்க்கப்பட்டு டிஸ்சார்ஜ் ஆகிறவர் என்றால் விதி நேர்மாறு. அங்கே 'இருக்கலாம்' என்றால் இருக்கிறது.) இந்த முறிவின் குணமோ, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருப்பது. எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். எக்ஸ்ரேயில், இரண்டு மூன்று வாரம் கழித்துப் புது எலும்பு வளர்ந்து தழும்பு மாதிரித் திரண்ட பிறகுதான் பெரும்பாலும் தெரியும். அதுவரைக்கும் காகிதத்தில் அது வெறும் வலி. மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் பெண், திடீரென்று தூரத்தைக் கூட்டியிருக்கிறார், தொட்டால் ஒரே புள்ளியில் வலிக்கிறது, படம் சுத்தம். பிசியோதெரபி படித்த பையனுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். தெரிந்து என்ன? 674 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் கேள்வி கேட்கலாம். அதற்கும் இலக்கணம் உண்டு. 'இது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்தானே?' என்று கேட்கக் கூடாது, பதிலை வாயில் ஊட்டுவதாகிவிடும். குறிப்பில் இருக்கும் அடையாளங்களைச் சொல்லி, சாத்தியமான பதில்களை அடுக்கி, 'வேறு', 'தீர்மானிக்க முடியவில்லை' என்ற இரண்டையும் கட்டாயம் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விப் படிவத்தின் திரையை எழுதியது நான்தான். இதுவரை நான் எழுதிய மென்பொருளில் மனிதர்களிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுவது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் சித்தி வருகிறாள். அம்மாவுக்கு நேர் இளையவள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதில் தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றுக்கு வந்தவள். என் கல்லூரியின் இரண்டு செமஸ்டர் கட்டணம் அவளுடைய தீபாவளி போனஸ். 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விவரிக்க வேண்டியதில்லை. சித்தி இருந்தது சேலைப் பிரிவில். கீழ் அடுக்கில் இருப்பது கஸ்டமருக்குப் பிடிக்காது. எப்போதும் மேல் அடுக்கில் இருப்பதுதான் வேண்டும். ஸ்டூல் தேடப் போனால் கஸ்டமர் நகர்ந்துவிடுவார். எனவே விரல் நுனியில் எக்கி, முழு உடம்பையும் வலது கட்டைவிரலில் நிறுத்தி, கட்டை உருவி எடுப்பாள். எத்தனை முறை என்று அவளும் எண்ணியதில்லை. ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்துத் தீபாவளி வரைக்கும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்.

2016 தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது விரல் விண்ணு விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. முதலில் சுளுக்கு எண்ணெய். பிறகு ஒரு மருத்துவர். "எங்க விழுந்தீங்க?" விழவில்லை. "எதுலயாவது இடிச்சீங்களா?" இல்லை. எக்ஸ்ரே எடுத்தார், படம் சுத்தம். யூரிக் ஆசிட் பார்த்தார், அதுவும் சரியாக இருந்தது. வலி மாத்திரை. தீபாவளி முடிந்தது. காலைத் தரையில் ஊன்ற முடியாமல் இன்னொருவரிடம் போனாள். அவர் மறுபடி படம் எடுத்து, கட்டைவிரலின் அடியெலும்பில் மெல்லிய கோட்டையும் அதைச் சுற்றி வளர்ந்திருந்த புது எலும்பையும் காட்டினார். "மாவுக்கட்டு வேணாம்மா. நாலு வாரம் நிக்காதீங்க, அது போதும்."

நிற்பதுதான் சம்பளம். இரண்டாவது வாரம் திரும்பிப் போனாள்.

அந்தச் சீட்டின் படம் என் ஃபோனில் இருக்கிறது. நம் ஊர் மருத்துவர்களின் சுருக்கெழுத்துக்கு அது நல்ல மாதிரி. வலது பாத வலி என்று ஒரு வரி. அடுத்து 'ஹேர்லைன்', பக்கத்தில் முறிவுக்கான குறுக்குக் கோட்டுக் குறி, பெருவிரல். ஓய்வு, கீழே 4/52, அதாவது நான்கு வாரம். மூன்று மாத்திரை. கையெழுத்து. ஒருநாள் ஆபீசுக்கு வெளியே டீக்கடையில் இதை அக்காவிடம் காட்டி, கோடு பண்ணுங்க பார்ப்போம் என்றேன். அவருக்கு டீ குடிக்கும்போது சார்ட் பேசுவது பிடிக்காது. இருந்தாலும் வாங்கிப் பார்த்தார்.

"ஸ்ட்ரெஸ்ஸுன்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப எம் போக முடியாது. எஸ்தான். எஸ்92.4. வெளிய தெரியற முறிவா, உள்ளயா? எழுதலை. எழுதலைன்னா உள்ளன்னு எடுத்துக்கணும். எலும்பு விலகிருக்கா?"

"ஹேர்லைன்னு இருக்கே அக்கா."

"ஹேர்லைன்னா விலகாததுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அவர் சொல்லல. இந்தக் குறியை மட்டும் போட்டு விட்டிருந்தார்னா, விதிப்படி அது விலகின முறிவு. வெறும் குறி, எஸ்92.401ஏ."

குறிப்பில்லாத முறிவை விலகியதாகவே கொள் என்பது உண்மையிலேயே எழுதப்பட்ட விதி. மயிரிழை அளவுகூட நகராத எலும்பு, மருத்துவர் ஒரு சொல்லை விட்டால் காகிதத்தில் இடம்பெயர்ந்துவிடும். அதோடு எஸ் என்று போனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் நோயாளிக்கே கடிதம் போடும். விபத்து எங்கே நடந்தது, எப்போது, வேறு யாராவது பொறுப்பா? சித்தி அமெரிக்காவில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதியிருப்பாள் என்று யோசித்தேன்.

எண்ணின் கதை இதோடு முடியவில்லை. எம்84.3க்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. முறிவின் காரணத்தைச் சொல்ல வெளிக்காரண எண்ணையும் சேர்த்துப் போடவும். அந்த அத்தியாயத்தை நான் ஒரு சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். ஓட்டத்துக்கு ஒய்93.02. நடைக்கும் ராணுவ அணிநடைக்கும் ஒய்93.01. நடனத்துக்கு ஒய்93.41. அதன்பின் எக்ஸ்50 என்று ஒரு வரிசை, 2016இல் சேர்த்தது. திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்வதால் வரும் மிகை உழைப்பு, எக்ஸ்50.3. நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதால் வருவது, எக்ஸ்50.1. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கம்: நெடுநேரம் குனிதல், மண்டியிடுதல், எட்டுதல், உட்கார்தல், நிற்றல். எட்டுதல், நிற்றல் இரண்டும் இருந்தன. கூடவே ஒய்99.0, கூலிக்கோ சம்பளத்துக்கோ செய்த வேலையின்போது. சித்தியின் விரலை வாக்கியமாக எழுத யாரோ முன்பே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் அந்த இடம் பெரும்பாலும் காலி. அதே விதிப்புத்தகத்தின் முன்பகுதியில், வெளிக்காரண எண்ணைத் தேசிய அளவில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மாநிலமோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால் தவிர, விருப்பப்பட்டுக் கொடுத்தால் நல்லது என்று இருக்கிறது. அதற்கென்று பணமும் கிடையாது. எங்கள் மென்பொருளில் எம்84.3 வந்து காரண எண் இல்லை என்றால் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி காட்டுவதுபோல் வைத்திருந்தேன். மூன்று மாதம் ஓடியது. பிறகு வாடிக்கையாளரிடமிருந்து கோரிக்கை: ஒவ்வொரு முறையும் கோடர் நின்று அதை மூட வேண்டியிருக்கிறது, சார்ட் எண்ணிக்கை குறைகிறது, எடுத்துவிடவும். எடுத்தோம். கணக்குப்படி அவர்கள் கேட்டது சரி. எனக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. வலதா இடதா என்று சொல்லாவிட்டால் கிளெய்ம் திரும்பிவரும், ஏன் முறிந்தது என்று சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது என்றால், கேட்பவருக்கு எது வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த முறிவை முதலில் எழுதிவைத்தவர் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், 1855இல். நெடுந்தூரம் அணிநடை போன சிப்பாய்களின் பாதம் விழாமல், அடிபடாமல் வீங்கி வலிப்பதைக் கவனித்தார். உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை, எக்ஸ்ரே வந்ததே 1895இல்தான். 1897இல் படத்தில் முறிவைப் பார்த்தார்கள். மார்ச் ஃப்ராக்சர் என்ற பழைய பெயர் இன்றும் எம்84.3இன் கீழ் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்கு முன்னால் யாருக்கும் இது வரவில்லையா? வந்திருக்கும். சுமை தூக்கியவர்களுக்கும் நாற்று நட்டவர்களுக்கும் வந்திருக்கும். பட்டாளத்துக்குத்தான் ஒவ்வொரு காலும் தேவைப்பட்டது, காலை எண்ணிப் பார்க்க ஒரு மருத்துவர் சம்பளத்தில் இருந்தார்.

சித்தியின் கடையில் அப்படி யாரும் இல்லை. ஈஎஸ்ஐ பட்டியலிலும் அவள் பெயரைச் சேர்த்திருக்கவில்லை. சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு தேடினேன். நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதம். காயம் என்பதற்கு அப்போது நடப்பில் இருந்த 1948இன் சட்டம் தந்த விளக்கம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்து, அல்லது தொழில்சார் நோய். அந்த நோய்களுக்குத் தனி அட்டவணை. விழாமல் முறிந்த விரல் விபத்தா? மறுபடியும் அதே கேள்விதான். எங்க விழுந்தீங்க? இருபது சதவீத வித்தியாசம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் நிலையே சித்திக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. நாள் முழுக்க நிற்பதால் பலவிதமான உடல்நலக் கோளாறுகள் வருகின்றன என்று மசோதாவோடு வந்த விளக்கத்திலேயே இருந்தது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தப் 'பலவிதமான' என்ற சொல்லில் மட்டும் என் கண் கொஞ்சம் நின்றது. எங்கள் தளத்தில் அப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த எண்ணும் போட முடியாது.

சித்தி இப்போது ஊரில் இருக்கிறாள். வாசலில் இட்லிக் கடை, உட்கார்ந்தே செய்கிற மாதிரி அடுப்பு. போன பொங்கலுக்குப் போனபோது இந்த எண்களைச் சொன்னேன். நிற்பதற்கென்று தனியாக ஒரு நம்பர் இருக்கிறது என்றதும் சட்னிக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "நின்னாக்கூடவா எழுதுவாங்க? அதுக்கு ரூவா குடுப்பாங்களோ?"

"குடுக்க மாட்டாங்க சித்தி."

"பொறவு யாரு எழுதுவா?"

ஆறிய பிறகும் ஓர் எண் உண்டு, இசட்87.312, முன்பு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்து ஆறியவர் என்று. அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லு, அந்த எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போ என்றேன். ஃபிலிம் இல்லையாம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று தெருப் பிள்ளைகள் வந்து கேட்டார்களாம். அதில் பார்த்தால் கண்ணு போயிரும் சித்தி என்று கத்தினேன். அதெல்லாம் ஒண்ணும் போவல என்று சொல்லிவிட்டு, யார் யாருக்கு எந்தத் துண்டு என்று சொல்ல ஆரம்பித்தாள். நாலாக வெட்டிக் கொடுத்திருக்கிறாள். குதிகால் இருந்த துண்டு எதிர்வீட்டுப் பையனுக்கு. விரல் இருந்த துண்டு யாருக்கு என்றுதான் ஞாபகம் வரவில்லை.